இங்கிலீஷ் இரண்டாம் பேப்பர்

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், எழுபதுகளின் நடுவில், எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தபால் வழியில் பி.ஏ. படிக்கும் கைதிகள் ஆறு பேர் ஜெயிலில் இருக்கிறார்களாம். வாரம் ஒருமுறை போய்ச் சந்தேகம் தீர்த்துவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். மூத்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவியிருந்தார்கள். எனக்கு இருபத்தேழு வயசு, கல்யாணம் ஆகவில்லை, சரித்திரப் பாடம். சொல்வதற்குக் காரணம் எதுவும் கைவசம் இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா பயந்துவிட்டாள். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா மட்டும், "போய்ட்டு வரட்டும், நல்ல காரியந்தானே" என்றார்.

முதல் சனிக்கிழமை வாசலில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்தார்கள். பிறகு ஒரு வார்டர் என்னைப் புத்தகம் பைண்டிங் செய்யும் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். பசை வாசம் குமட்டியது. அடுக்கி வைத்த அட்டைகளுக்கு நடுவே தரையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். அதில் நான்கு பேர் என்னைவிட மூத்தவர்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"வாடா போடான்னே கூப்பிடுங்க சார், இல்லாட்டி தலைக்கு மேல ஏறிருவானுக" என்று வார்டர் என் காதில் சொன்னார். என்னால் அது முடியவில்லை. கடைசிவரை 'நீங்க' என்றுதான் பேசினேன்.

அந்த ஆறு பேரில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டு ஊர் அவருக்கு. நாற்பத்தொரு வயசு. பெரிய கை, விரல் நுனியெல்லாம் காய்ப்பு. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர், அவர் ஊரில் அதுவரை அவர் ஒருவர்தான். ஆனாலும் வேலைக்கென்று எங்கும் போகாமல் அப்பாவோடு மானாவாரிக் காட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆயுள் தண்டனை. உள்ளே வந்த பிறகுதான் பி.யூ.சி.யைத் தபாலில் முடித்து, பி.ஏ. சரித்திரத்துக்குப் பணம் கட்டியிருந்தார்.

என்ன குற்றம் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் அவராகவே சொன்னார். பங்காளியின் மாடு இவர் சோளக் காட்டில் இறங்கிவிட்டது. வாய்ச்சண்டை. கையில் மண்வெட்டி இருந்தது.

"ஒரு அடிதான் சார். ரெண்டாவது அடி இல்ல. அவன் விழுந்ததும் நான்தான் தூக்கி வண்டில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதி வழியில தண்ணி கேட்டான். குடுத்தேன். அம்புட்டுதான்."

இதைச் சொல்லிவிட்டு, பிரெஞ்சுப் புரட்சியில் எந்த இடத்தில் விட்டோம் என்று நோட்டைப் புரட்டினார்.

சரித்திரத்தில் அவருக்கு என்னுடைய உதவி அதிகம் தேவைப்படவில்லை. வருஷங்களை மனப்பாடமாக வைத்திருந்தார். தமிழும் அப்படியே. இங்கிலீஷ்தான் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. முதல் வருஷம் இரண்டு பேப்பரிலும் பெயில். கட்டுரைகளை வரி விடாமல் உருப்போட்டு எழுதுவார். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுவிட்டால் ஆள் நின்றுபோவார். ஆகவே சரித்திர வாத்தியாரான நானே அவருக்கு இலக்கணமும் எடுக்க ஆரம்பித்தேன்.

நடந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை என்று சொல்லும் வாக்கியங்களை ஒரு சனிக்கிழமை நடத்தினேன். ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். அடுத்த வாரம் நோட்டை நீட்டினார். நாலு வாக்கியம் மழை, பஸ், பரீட்சை என்று வழக்கமானவை. ஐந்தாவது: மாடு அந்தக் காட்டுக்குள் போகாமல் இருந்திருந்தால் நான் என் வீட்டில் இருந்திருப்பேன். இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் டிக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"சரியா சார்?"

"சரியா இருக்கு."

இப்படியே மூன்று வருஷம் போனது. ஆறு பேரில் இரண்டு பேர் விடுதலையாகிப் போனார்கள். ஒருவர் படிப்பை விட்டுவிட்டார். இரண்டு பேரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இவர் மட்டும் மிஞ்சினார். இங்கிலீஷ் தவிர எல்லாம் பாஸ். அந்த இரண்டு பேப்பர் முடிந்தால் பட்டதாரி. தண்டனைக் குறைப்புக்கு யார் யாரைச் சிபாரிசு செய்யலாம் என்று முடிவு செய்யும் கமிட்டி அந்த வருஷக் கடைசியில் கூடுவதாக இருந்தது. படிப்பு முடித்தவர்களைத் தனியாகக் கவனிப்பார்கள் என்று உள்ளே ஒரு பேச்சு இருந்தது. உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் அதை நம்பினார். "வெளிய போனா வாத்தியார் வேலைக்குப் படிக்கலாமா சார்?" என்று ஒருமுறை கேட்டார். வயசைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "பார்ப்போம், முதல்ல இது முடியட்டும்" என்றேன்.

அதுவரை பரீட்சை ஜெயிலுக்குள்ளேயே நடந்தது. ஓர் ஆளுக்காக உள்ளே சென்டர் போட முடியாது என்று அந்த வருஷம் உத்தரவு வந்தது. வெளியே ஒரு கல்லூரிக்குப் போலீஸ் காவலோடு போய் எழுத வேண்டும். அந்தக் கல்லூரி எங்கள் கல்லூரியாக அமைந்ததில் எனக்குச் சந்தோஷம். ஹாலில் மேற்பார்வைக்கு என் பெயரையும் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் முன்னதாகவே ஜெயில் ஆபீசுக்குப் போய், இரண்டு நாளும் பத்து மணிக்கு ஆள் அங்கே இருக்க வேண்டும் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். "எஸ்கார்ட்டுக்கு எழுதியாச்சு சார், கவலைப்படாதீங்க" என்றார்.

முதல் நாள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். இரண்டு போலீஸ்காரர்கள். தபாலில் படிப்பவர்கள் என்றால் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள்தானே. பள்ளி ஆசிரியைகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஒரு பஸ் கண்டக்டர். கைவிலங்கைக் கழற்றும் சத்தத்துக்கு அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மூன்று மணி நேரமும் குனிந்த தலை நிமிரவில்லை. அடிஷனல் பேப்பர் இரண்டு வாங்கினார். கட்டிக் கொடுக்கும்போது, "கேட்டதுக்குப் பதில் எழுதிருக்கேன் சார், உருப்போட்டது எழுதல" என்று மெதுவாகச் சொன்னார். நான் மேற்பார்வையாளன், பேசக் கூடாது. தலையை மட்டும் அசைத்தேன்.

இரண்டாம் பேப்பருக்கு ஒரு நாள் இடைவெளி. அந்த இரண்டாம் பேப்பர் அன்றைக்கு ஒரு மந்திரி மதுரைக்கு வருகிறார் என்று காலையில் பேப்பர் போடுகிறவர் சொல்லித்தான் தெரியும். சிம்மக்கல் பக்கம் வரும்போதே தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்தோம். கடைசிப் பெஞ்ச் காலி. பத்தேகால். ஜன்னல் பக்கம் போய்க் கேட்டைப் பார்த்தேன். பத்தரை மணிக்கு மணி அடித்தது. அதற்கு மேல் யாரையும் உள்ளே விடக் கூடாது. வராதவர்களின் நம்பரை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று நம்பர் எழுதினேன். ஒன்று அவருடையது. தாளை வாங்கிக்கொண்டு பியூன் போய்விட்டார்.

பத்து அம்பதுக்கு வந்தார்கள். ஓடி வந்திருக்கிறார்கள். மூன்று பேர் சட்டையும் நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பந்தோபஸ்துக்கு வேனெல்லாம் போய்விட்டதால் டவுன் பஸ்ஸில் கூட்டி வந்திருக்கிறார்கள். ஊர்வலத்துக்காகப் பஸ்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து இறங்கி, கைவிலங்கோடு, கடைத்தெரு வழியாக ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார்கள்.

அவர் வராந்தாவில் என்னைப் பார்த்ததும், "போகலாமா சார்?" என்றார். அவர் கையில் பேனா இருந்தது. விலங்கு பூட்டிய கையில் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

பரீட்சையின் தலைமைக் கண்காணிப்பாளரின் அறைக்கு நான் ஓடினேன். அவர் எங்கள் கல்லூரியிலேயே வேதியியல் பேராசிரியர், ரிட்டயர் ஆகிற வயசு. கெட்டவர் இல்லை. நான் சொன்னதையெல்லாம் முழுசாகக் கேட்டார்.

"சார், அவர் மேல தப்பில்ல. போலீஸ் கூட்டிட்டு வந்தாத்தான் வர முடியும். மிச்ச நேரத்துல எழுதிக் குடுத்துருவார்."

"எனக்குப் புரியுது தம்பி. ஆப்சென்ட் போட்டு அனுப்பியாச்சே."

"கவர் இன்னும் ஒட்டலையே சார்."

"ஒட்டலைங்கறதுக்காகத் திருத்தலாமா? நாளைக்கு ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டா அவர் பேப்பரும் செல்லாது, உங்க வேலையும் போயிரும், நானும் பென்ஷனுக்கு அலையணும்."

"யூனிவர்சிட்டிக்குப் போன் போட்டுக் கேட்கலாமே சார்?"

போட்டார். என் முன்னாலேயே டயல் சுற்றினார். முதல் தடவை எடுக்க ஆளில்லை. இரண்டாம் தடவை எடுத்தவர், அதிகாரி மந்திரி கூட்டத்துக்குப் போயிருக்கிறார், எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள் என்றார். போனை வைத்துவிட்டு, "நான் என்ன செய்ய, சொல்லுங்க" என்று கேட்டார். என் கையில் மிச்சமிருந்த கேள்வித்தாள் கட்டு இருந்தது. ஒன்றை உருவிக் கொடுத்து அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் யார் என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பேனாவை மூடினார்.

"பரவால்ல சார். நீங்க உள்ள போங்க, உங்களைத் தேடப் போறாக."

போலீஸ்காரர்களில் இளையவருக்கு மனசு கேட்கவில்லை. "எங்க மேல தப்பில்ல சார், பஸ்ஸை நிறுத்திட்டான்" என்று எனக்கும், அவருக்கும், தூணுக்கும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "கேண்டீன்ல ஒரு டீ குடிச்சிட்டுப் போயிருவோம்ணே" என்று அவரைக் கூட்டிப் போனார். அந்த 'அண்ணே' மட்டும் என் காதில் நின்றது.

நான் ஹாலுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல், பரீட்சை எழுதிக்கொண்டிருந்த அந்தப் பஸ் கண்டக்டர் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தடியில் இவர்கள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். ரோடு திறக்கவில்லை போலிருக்கிறது. இவர் எழுந்து கண்டக்டரிடம் ஏதோ கேட்டார். கண்டக்டர் கேள்வித்தாளை நீட்டினார். இவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசிவரை நின்றபடியே படித்தார். படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

பரீட்சை முடிந்து நான் வந்தபோது கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

"எல்லாம் தெரிஞ்சதுதான் சார்" என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து இரண்டு விண்ணப்பம் எழுதினேன். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு. இன்னொன்று ஜெயில் மேலதிகாரிகளுக்கு. இரண்டாவதில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். வேன் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் ஏன் சீக்கிரம் அனுப்பவில்லை, ஒரு மனிதனின் மூன்று வருஷப் படிப்புக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டிருந்தேன். அப்பா படித்துப் பார்த்து, "இங்கிலீஷ் நல்லா வந்திருக்கு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாதம் கழித்து அச்சடித்த பதில் வந்தது. விதிகளில் இடமில்லை; அக்டோபரில் மீண்டும் எழுதலாம். ஜெயில் தரப்பில் பதிலே இல்லை. அக்டோபர் என்றால் கமிட்டிக்கு முன் ரிசல்ட் வந்தாலும் வரலாம் என்று அவரிடம் சொன்னேன். "எழுதிருவோம் சார்" என்றார். மறுபடி ஆரம்பித்தோம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வாசலில் என் பையை யாரும் சோதிக்கவில்லை. "உங்க ஆளை மாத்தியாச்சு சார். புதன்கிழமையே அனுப்பிட்டாக" என்றார் வார்டர். வடக்கே, ஒரு ராத்திரி ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிற ஜெயில். ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கெங்க சார் தெரியும்" என்றார். அவருடைய நோட்டும் புத்தகங்களும் என்னவாயின என்று கேட்டேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது, கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் அம்மாளும் பதினாலு வயசுப் பெண்ணும் நின்றிருந்தார்கள். அவருடைய மனைவி, மகள். எத்தனை பேரிடம் விலாசம் விசாரித்து வந்தார்களோ, பெண்ணின் கால் புழுதியாக இருந்தது. அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு மஞ்சள் பையில் மொச்சை கொண்டு வந்திருந்தார்கள்.

"மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவேங்கய்யா. காலையில பஸ் ஏறுனா பொழுதடைய ஊருக்குப் போயிரலாம். இப்ப இம்புட்டுத் தூரம்னா நான் எப்பிடிப் போவேன்? எனக்கு அந்த ஊரு எந்தத் தெசைன்னுகூடத் தெரியாது" என்றார் அந்த அம்மாள்.

நான் விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

"வேணாங்கய்யா. கடுதாசி வேணாம். ஒங்களைக் குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீக. நீங்க எழுதுன கடுதாசியாலதான் அவுகளை மாத்துனாகன்னு உள்ள பேசிக்கிறாகளாம். எந்த ஆபீசரையாவது தெரிஞ்சா வாயால சொல்லிவிடுங்க. எழுத வேணாம்."

என் அப்பா பக்கத்து அறையில் இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். எனக்கு எந்த ஆபீசரையும் தெரியாது. அதைச் சொன்னேன். அந்த அம்மாள், "சரிங்கய்யா, வாரோம்" என்று எழுந்தார். மொச்சையை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லியும் வைத்துவிட்டுப் போனார். செருப்பை மாட்டும்போது அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள்.

என் கடிதத்தால்தான் மாற்றினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கைதிகளை மாற்றுவது சாதாரணமாக நடப்பதுதான். அவரோடு படித்த இரண்டு பேரையும் முன்பே மாற்றியிருந்தார்கள், அப்போது யாரும் கடிதம் எழுதியிருக்கவில்லை. இதை நான் என் மனைவியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் ஒவ்வொரு தடவையும், "ஆமா, அதுக்காக இருக்காது" என்பாள்.

அங்கிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. தணிக்கை முத்திரை குத்தி, இங்கிலீஷில். தான் நலம், இங்கே நெசவுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள், பாடப் புத்தகங்கள் இன்னும் வந்து சேரவில்லை, அக்டோபர் பரீட்சைக்குக் கட்டணம் கட்டும் தேதி போய்விட்டது. கடைசியில், தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன். நான் புத்தகங்களைப் பார்சல் கட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. மேலும் இரண்டு கடிதம் போட்டேன். பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது, அப்பா படுக்கையில் விழுந்தார், நானும் விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் தேர்தல் வேலைக்காக உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் என்று பிடிபட எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. ஓட்டுப் போட்டுவிட்டுப் போகாமல் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெளியே வந்து மூன்று வருஷமாகிறதாம். நெசவில் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள். "இந்த ஊர்ல எவன் சார் தறி வச்சிருக்கான்?" என்று சிரித்தார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். காடு பங்காளிகள் கைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சந்தையில் மாடு வாங்க வருகிறவர்களுக்குக் கூடப் போய் விலை பேசிக் கொடுக்கிறார்.

நான் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "என்னால..." என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு வேறு கேட்டார்.

"சார், அந்த ஒரு பேப்பரு இப்ப எழுத முடியுமா? முதல் பேப்பர்ல பாஸ்னு ரிசல்ட்டு அங்க மாத்துன பெறகு வந்துச்சு. அம்பத்தி ரெண்டு மார்க்."

அம்பத்திரண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். மதுரைக்கு வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போனேன். பாடத்திட்டம் இரண்டு தடவை மாறிவிட்டது. பழைய பாடத்தில் எழுதக் கொடுத்த அவகாசமும் போன வருஷத்தோடு முடிந்துவிட்டது. வேண்டுமானால் முதலிலிருந்து சேரலாம், மூன்று வருஷம், எல்லாப் பேப்பரும். போன வருஷம் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அந்தப் பிரிவு அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் கட்டிலில் உட்கார வைத்தார்கள். சொன்னேன். நான் சொன்ன விதி எண், தேதி எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார். அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப முடியாதுங்கிறாக" என்றார் அவர்.

"முடியாதுங்கிறாங்க."

"சரி சார். இந்த வெயில்ல இதுக்காகவா வந்தீக? ஒரு கார்டு போட்டிருக்கலாமே" என்றார். பிறகு உள்ளே திரும்பி, சாருக்கு மோர் கொண்டு வரச் சொன்னார்.

பஸ் ஏற்றிவிட ரோடுவரை வந்தார். வழியில் மழை இல்லாததைப் பற்றிப் பேசினோம்.